ஒனோமிச்சி: படிக்கட்டுகளின் துறைமுக நகருக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பானுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா, நேரமிருந்தால் ஹிரோஷிமா. ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா போகும் அதே பாதையில்தான் ஒனோமிச்சி இருக்கிறது. ஆனாலும் அங்கே இறங்குபவர்கள் குறைவு. ஹிரோஷிமா மாகாணத்தின் கிழக்குப் பகுதியில், செதோ உள்நாட்டுக் கடலின் கரையில் இருக்கும் நகரம் இது. மக்கள்தொகை ஏறத்தாழ 1.25 லட்சம். ஜப்பானில் ஒரே ஒரு சிறிய நகரத்துக்குத்தான் நேரம் ஒதுக்க முடியும் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் இந்த ஊரைத்தான் சொல்வேன். ஒரு நிபந்தனை உண்டு: காலையில் வந்து மாலையில் திரும்பிவிடக் கூடாது. ஓர் இரவாவது தங்க வேண்டும், இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது.

இந்த ஊர் ஏன் இப்படி இருக்கிறது

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் போனால் ஒனோமிச்சி வெறும் பழைய படிக்கட்டுகளாகவும் பூனைகளாகவும் மட்டுமே தெரியும்.

துறைமுகம் 1169-இல் தொடங்கியது. உள்நாட்டில் இருந்த ஓதா என்ற பெரும் பண்ணை நிலத்தின் நெல்லைக் கப்பலேற்றுவதற்கான இடமாக அது வளர்ந்தது. பிறகு எடோ காலத்தில் (1603–1868) வடக்கு ஜப்பானிலிருந்து ஹெர்ரிங் மீனும் கொம்பு என்ற கடற்பாசியும் ஏற்றிவந்த வணிகக் கப்பல்கள் இங்கே நின்றன. திரும்பும்போது உப்பு, வினிகர், ஒனோமிச்சிக் கல்தச்சர்கள் செதுக்கிய கற்சிலைகள் எல்லாம் ஏறின. வணிகர்களிடம் பணம் சேர்ந்தது. அந்தப் பணத்தில் கோயில்கள் எழுந்தன. மூன்று மலைகளின் அடிவாரத்தில் இத்தனை பௌத்தக் கோயில்கள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1891-இல் ரயில் வந்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே இருந்ததோ ஒரு துண்டு சமநிலம். அதை ஊடறுத்துத் தண்டவாளம் போட்டார்கள். இன்றும் பல கோயில்களின் படிக்கட்டு தண்டவாளத்துக்கு அடியிலோ, ரயில்வே கேட்டைத் தாண்டியோதான் தொடங்குகிறது. செல்வந்தர்கள் சரிவில் தோட்ட வீடுகள் கட்டினார்கள், சாதாரண மக்களின் வீடுகளும் மேலே ஏறின. இரண்டாம் உலகப் போரில் ஊர் பெரிய குண்டுவீச்சிலிருந்து தப்பியது.

இதற்குப் பிறகு நடந்தது ஒரு சட்டத்தின் வேலை. 1950-இல் வந்த கட்டடத் தரச் சட்டத்தின்படி, ஒரு மனை குறைந்தது 4 மீட்டர் அகலமுள்ள சாலையை 2 மீட்டர் நீளத்துக்காவது தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதில் புதிய வீடு கட்டலாம். ஒனோமிச்சிச் சரிவில் இருப்பவை இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். ஆகவே பழைய வீட்டை இடித்தால் அந்த இடத்தில் மறுபடியும் கட்ட முடியாது. பழுதுபார்த்து வாழலாம், அல்லது பூட்டிவிட்டுப் போகலாம். பலரும் பூட்டிவிட்டுப் போனார்கள். நாம் ரசித்துப் படமெடுக்கும் அந்தப் பழமைக்குள் ஊரின் பெரிய கவலையும் சேர்ந்தே இருக்கிறது.

போய்ச் சேருவது

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் வரும். புல்லட் ரயில் நிற்கும் நிலையத்தின் பெயர் ஷின்-ஒனோமிச்சி. அது கடற்கரையில் இல்லை; மலைக்குப் பின்னால், ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெரும்பாலும் மெதுவான கொடாமா ரயில்களே அங்கே நிற்கும். இறங்கிய பிறகு பஸ் பிடிக்க வேண்டும். இதைவிட நல்ல வழி, ஃபுகுயாமாவில் இறங்குவது. ஷின்-ஒசாகாவிலிருந்து ஃபுகுயாமா, நொசோமி என்ற வேகமான புல்லட் ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே சான்யோ பிரதான பாதையின் சாதாரண ரயிலுக்கு மாறினால் இருபது நிமிடத்தில் ஒனோமிச்சி நிலையம். எல்லா நொசோமி ரயில்களும் ஃபுகுயாமாவில் நிற்பதில்லை. முன்பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹிரோஷிமாவிலிருந்து வருகிறவர்கள் சாதாரண ரயிலிலேயே ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடலாம், செலவும் குறைவு. ஹிரோஷிமா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் நகருக்குப் போய்த் திரும்பி வர வேண்டாம். அந்த விமான நிலையம் இருப்பதே பக்கத்து ஊரான மிஹாராவில். பஸ்ஸில் மிஹாரா நிலையம், அங்கிருந்து ரயில்.

இறங்கியதும் பெட்டியை நிலையத்தின் காசு லாக்கரிலோ விடுதியிலோ வைத்துவிடுங்கள். சக்கரப் பெட்டியோடு சரிவில் ஏற முயல வேண்டாம். மேலே உள்ள விடுதியில் அறை எடுத்திருந்தால், ஒரு இரவுக்குத் தேவையானதைத் தோள்பையில் மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே டாக்ஸி ஏறாது.

முதலில் படகு

வருகிறவர்கள் நேரே மலைக்குத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நிலையத்தின் எதிரே இருக்கும் கடற்கரைக்கு வாருங்கள். எதிரில் தெரிவது முகாய்ஷிமா தீவு. நடுவில் உள்ள கடற்கால் சில நூறு மீட்டர் அகலம்தான். ஆறு என்றே நினைக்கத் தோன்றும். அதைக் கடக்க நாள் முழுவதும் சின்னஞ்சிறு படகுகள் ஓடுகின்றன. பள்ளிப் பிள்ளைகள், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள், கப்பல் கட்டும் தளத்துத் தொழிலாளர்கள் எல்லோரும் இதில்தான் போகிறார்கள். கட்டணத்தைச் சில்லறையாகவே கொடுத்துவிடலாம். கையில் நாணயங்கள் இருக்கட்டும். பாலங்கள் வந்த பிறகு படகுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. நீண்ட காலம் ஓடிய ஒரு படகுச் சேவை 2025 மார்ச்சில் நின்றுபோனது. இருப்பவற்றில் ஏறுவது நம்மால் முடிந்த சிறிய ஆதரவு.

அக்கரையில் இறங்கித் திரும்பிப் பாருங்கள். கடல், கப்பல்துறை, ஒடுங்கிய கடைத்தெரு, தண்டவாளம், அதற்கு மேல் அடுக்கடுக்கான ஓட்டுக் கூரைகள், கூரைகளுக்கு நடுவே கோபுரங்கள், உச்சியில் சென்கோஜி கோயிலின் சிவப்பு மண்டபம். முழு ஊரும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். நாளை எங்கே ஏறி எங்கே இறங்குவது என்பதை இங்கிருந்தே முடிவு செய்யலாம். எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

மலை ஏறுவது

சென்கோஜிக்கு 1957 முதல் ரோப்கார் ஓடுகிறது. மூன்று நிமிடப் பயணம். முழங்கால் வலி உள்ளவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்களும் ரோப்காரில் ஏறி, நடந்து இறங்கலாம். மற்றவர்கள் நடந்தே ஏறுங்கள் என்பது என் கருத்து. மூச்சு வாங்கி நிற்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் கடல் வேறு அளவில் தெரியும். ரோப்காரில் அது கிடைக்காது. நடந்து வந்து ரோப்காரில் இறங்க நினைப்பவர்கள், கடைசி வண்டி மாலை 5 மணியை ஒட்டிக் கிளம்பிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிலையத்திலிருந்து கிழக்கே நடந்து, தண்டவாளத்தைக் கடந்தால் கோயில் நடைபாதை தொடங்கும். 25 கோயில்களை இணைக்கும் இந்தப் பாதையில் கல் பதித்த வழிகாட்டிகள் இருக்கின்றன. 25-ஐயும் பார்த்தே தீர வேண்டும் என்று ஓடாதீர்கள். நான்கைந்து போதும்.

முதலில் வரும் ஜிகோஜியில் களிமண்ணைக் கைக்குள் அழுத்தி ஒரு சிறு புத்தரைச் செய்யலாம். கோயிலில் சுட்டு, பிறகு அனுப்பிவைப்பார்கள். வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடுத்து தென்னெய்ஜி. இதன் கோபுரம் 1388-இல் ஐந்து நிலைகளோடு எழுந்தது. மேல் நிலைகள் சிதைந்ததால் 1692-இல் மூன்று நிலைகளாகக் குறைக்கப்பட்டது. அதனால்தான் அதன் அகலத்துக்கு உயரம் சற்றுக் குறைவாகத் தோன்றும். ஒனோமிச்சி என்று தேடினால் வரும் புகைப்படம், அதாவது முன்னால் கோபுரம், பின்னால் கடல், இதற்குச் சற்று மேலே நின்று எடுத்ததுதான். கோயிலுக்குள் ஒரு தனி மண்டபத்தில் ஐந்நூறு அருகர்களின், அதாவது புத்தரின் சீடர்களின், சிலைகள் வரிசையாக இருக்கின்றன. கோபுரத்தைப் படமெடுத்துவிட்டு இந்த மண்டபத்தைப் பார்க்காமல் போகிறவர்கள் ஏராளம். ஒவ்வொரு முகமும் வெவ்வேறு. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம்.

சென்கோஜி 806-இல் தோன்றியதாகக் கோயில் மரபு சொல்கிறது. பாறைகளுக்கு இடையே தூண்கள் ஊன்றி எழுப்பிய மண்டபம் அது. பக்கத்தில் உள்ள பெரிய பாறையின் உச்சியில் ஒரு மணிக்கல் இருந்ததாகவும், இரவில் அதன் ஒளி கப்பல்களுக்கு வழிகாட்டியதாகவும் ஒரு கதை உண்டு. கோயில் மணியின் ஓசை ஜப்பானின் பாதுகாக்கத்தக்க நூறு ஒலிக்காட்சிகளில் ஒன்றாகத் தேர்வு பெற்றது.

சென்கோஜிக்கும் ரோப்காரின் மேல் நிலையத்துக்கும் இடையே இலக்கியப் பாதை ஓடுகிறது. இந்த ஊரோடு உறவுள்ள எழுத்தாளர்கள், கவிஞர்களின் வரிகளை 25 பாறைகளில் செதுக்கியிருக்கிறார்கள். அவர்களில் ஊர்மக்கள் மிகவும் நேசிப்பது ஹயாஷி ஃபுமிகோவை. வறுமையில் ஊர் ஊராக அலைந்த குடும்பத்தின் பெண். 1916 முதல் 1922 வரை இங்கே இருந்து, வேலை செய்துகொண்டே பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். கீழே கடைத்தெருவின் நுழைவாயிலில், பயணப் பெட்டியின் அருகே குத்துக்காலிட்டு அமர்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

மேலே 2022-இல் திறந்த புதிய காட்சிமேடை இருக்கிறது, இலவசம். அதற்குக் கீழே, கட்டடக் கலைஞர் ஆந்தோ ததாவோ புதுப்பித்த நகரக் கலைக்கூடம். உள்ளே நுழைய முயலும் கறுப்புப் பூனையும் பணிவோடு தடுக்கும் காவலரும் இணையத்தில் புகழ்பெற்றது இந்தக் கலைக்கூடத்தின் வாசலில்தான். திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை.

இறங்கும்போது பூனைச் சந்து வழியே வாருங்கள். வட்டக் கற்களில் பூனை முகம் தீட்டிய ஓவியங்கள் சுவரோரமும் செடிகளுக்கு நடுவேயும் ஒளிந்திருக்கும். ஓவியர் சோனோயாமா ஷுன்ஜி இவற்றை 1998 முதல் செய்து வைத்து வருகிறார். உயிருள்ள பூனைகள் சில நாள் வரும், சில நாள் வராது. தீனி போட வேண்டாம். சந்து முடியும் இடத்தில் உஷிதோரா ஷின்தோ ஆலயத்தின் கற்பூர மரங்கள் நிற்கின்றன. ரோப்காரில் மேலே போகும்போது நீங்கள் அவற்றின் தலைக்கு மேல்தான் கடந்து போவீர்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அவற்றின் வயது புரியும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் தவறவிடக் கூடாத ஒரு கட்டடமும் இந்தச் சரிவில் உண்டு. 1963-இல் கட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை, பிஜோய் ஜெயினின் ஸ்டூடியோ மும்பை நிறுவனம் மாற்றியமைத்து, 2018 டிசம்பரில் லாக் என்ற பெயரில் விடுதியாகத் திறந்தார்கள். அறைகளின் உள்பக்கம் முழுவதும் ஜப்பானியக் கைக்காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். தங்குவதற்குச் செலவு அதிகம். ஆனால் அங்குள்ள கஃபேக்கு யாரும் போகலாம்.

கிழக்கே இன்னும் இரண்டு கோயில்கள்

சென்கோஜியோடு திரும்பிவிடுபவர்கள் ஊரின் மிக உயர்ந்த செல்வத்தைப் பார்க்காமலே போகிறார்கள். கிழக்கே நடந்தால் சைகொகுஜி. அதன் வாயிலில் மனித உயரத்தை மிஞ்சும் வைக்கோல் செருப்புகள் தொங்கும். கால் நலம் வேண்டிக் கட்டியவை. 1429-இல் எழுந்த மூன்று நிலைக் கோபுரம் அதற்கு மேலே.

இன்னும் கிழக்கே ஜோதோஜி. என் மனத்துக்கு மிக நெருக்கமான கோயில் இதுதான். இளவரசர் ஷோதோகு 616-இல் நிறுவியதாக மரபு. 1325-இல் எரிந்துபோன பிறகு, ஊர் வணிகர்களின் கொடையால் 1327-இல் பிரதான மண்டபமும் 1328-இல் தஹோதோ என்ற இரு நிலைக் கோபுரமும் எழுந்தன. இரண்டும் இன்று தேசியப் பொக்கிஷங்கள். பின்னாளில் ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) ஆன அஷிகாகா தகாவுஜி, 1336-இல் தோல்வியோடு கியூஷுவுக்குப் போகும் வழியில் இங்கே வேண்டிக்கொண்டார். படை திரட்டித் திரும்பும்போதும் வந்தார். இயக்குநர் ஓசு யாசுஜிரோ 1953-இல் எடுத்த ‘டோக்கியோ ஸ்டோரி’ படத்தின் ஒனோமிச்சிக் காட்சிகளில் இந்தக் கோயில் முற்றம் வருகிறது. கூட்டம் இருக்காது, புறாக்கள் இருக்கும். நிலையத்துக்குத் திரும்ப நடக்க வேண்டாம். கீழே நெடுஞ்சாலையில் பஸ் கிடைக்கும்.

வீடுகளுக்கு நடுவே நடக்கும்போது

நீங்கள் ஏறும் படி வேறொருவரின் வாசற்படி. சுற்றுலாத் தலம் என்று பலகை இருந்தாலும், அந்தச் சந்துகளில் முதியவர்கள் காய்கறிப் பையோடு ஏறி இறங்கி வாழ்கிறார்கள். எரிவாயு உருளையும் அரிசியும்கூட ஆள் சுமந்துதான் மேலே வர வேண்டும். எதிரே வருகிறவருக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், சன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். காலி வீடு என்று தெரிந்தாலும் உள்ளே நுழைய வேண்டாம். தரைப் பலகைகள் உளுத்திருக்கும், மேலும் அது யாரோ ஒருவரின் உடைமை. குப்பைத் தொட்டிகள் அரிது. உங்கள் குப்பை உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

இந்தக் காலி வீடுகளை மீட்க 2007-இல் உள்ளூர்க்காரர்கள் ஒரு திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒனோமிச்சி காலி வீடு மறுசீரமைப்புத் திட்டம் என்பது அதன் பெயர். நகராட்சியின் காலி வீட்டு வங்கியை, அதாவது குடிவரக் கிடைக்கும் காலி வீடுகளின் பட்டியலை, நடத்துவதும் இந்த அமைப்புதான். வீடுகளைத் துப்புரவாக்கி, தன்னார்வலர்களைக் கொண்டு பழுதுபார்த்து, குடிவர விரும்புகிறவர்களிடம் சேர்க்கிறார்கள். அவர்களே நடத்தும் விடுதிகளும் உண்டு. கடைத்தெருவில் நீளமும் ஒடுக்கமுமான பழைய வணிகர் வீட்டில் இருப்பது அனாகோ நோ நெதோகோ. சென்கோஜிக்கு அருகே சரிவின் விளிம்பில் இருப்பது மிஹராஷி-தெய். எங்கே தங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவற்றைத்தான். நீங்கள் கொடுக்கும் வாடகை இன்னொரு வீட்டின் கூரையைத் தாங்க உதவும். சைக்கிள் பயணிகளுக்கு, 1943-இல் கட்டிய கடற்கரைக் கிடங்கை மாற்றியமைத்த யூ2 வளாகம் வசதி. அங்குள்ள விடுதியில் சைக்கிளை அறைக்குள்ளேயே கொண்டுபோகலாம்.

சாப்பாடு

ஒனோமிச்சி ராமென் பெயர்பெற்றது. சோயா சாஸ் குழம்பில் சிறுமீன் சாறு, மேலே பன்றிக் கொழுப்புத் துணுக்குகள், தட்டையான நூடுல்ஸ். புகழ்பெற்ற கடைகளின் முன்னால் மதியத்தில் நீண்ட வரிசை நிற்கும். கடை திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் போய் நில்லுங்கள். கோழியின் அரைவைப் பையும் பொரித்த கணவாயும் சேர்த்துச் சுடும் ஒனோமிச்சி ஒகோனோமியாகி என்ற அடையும் உண்டு.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இங்கே முன்னேற்பாடு இல்லாமல் வரக் கூடாது. காய்கறிச் சாப்பாடு என்று கண்ணுக்குத் தெரிவதிலும் தாஷி என்ற மீன் சாறு கலந்திருக்கும். “நிகு மோ சகானா மோ தபேமாசென், தாஷி மோ தமே தேஸ்” என்று சொன்னால், இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். எழுதிக் காட்டினால் இன்னும் நல்லது. ஃபுகுயாமாவில் ரயில் மாறும்போதே ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள விடுதியாகப் பார்த்து எடுத்தால் கவலையே இல்லை.

நிலையத்திலிருந்து கிழக்கே ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கூரையிட்ட கடைத்தெருவில் பகலில் நடங்கள். உலர்மீன் கடைகள், கப்பல் பாய்க்கு நெய்த முரட்டுத் துணியில் பை தைக்கும் பட்டறை, கடையாக மாறிய பழைய பொதுக் குளியலகம் எல்லாம் இங்கே. மாலை ஐந்து ஆறு மணிக்கு மேல் பல கடைகள் கதவை இழுத்துவிடும். காலை வேளையில், தள்ளுவண்டியில் அன்றைய மீனை வைத்து அங்கேயே அரிந்து விற்கும் பெண்களைப் பார்க்க முடிந்தால் பாருங்கள். அவர்கள் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

இரண்டாம் நாள், தீவுகளுக்கு

ஷிமானாமி கைதோ என்ற தீவுகளுக்கிடையேயான சாலை 1999 மே 1-இல் திறந்தது. ஒனோமிச்சியிலிருந்து ஆறு தீவுகளைப் பாலங்களால் கோத்து ஷிகோகு தீவின் இமாபாரி வரை, சைக்கிள் பாதையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். சாலையோரத்தில் நீலக்கோடு போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துப் போனால் வழி தவறாது. பழக்கமில்லாதவர்கள் முழுத் தூரத்தையும் ஒரே நாளில் முடிக்க நினைக்க வேண்டாம். கால் வலியைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

புதியவர்களுக்கு நான் சொல்லும் திட்டம்: துறைமுகத்தருகே சைக்கிளை வாடகைக்கு எடுத்து, படகில் முகாய்ஷிமா கடந்து, இன்னோஷிமா வழியாக இகுச்சிஜிமாவின் செதோதா வரை போங்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இன்னோஷிமா பாலத்தில் கார்கள் மேல்தளத்திலும் நீங்கள் அதற்கு அடியிலும் போவீர்கள். ஒவ்வொரு பாலத்துக்கும் முன்னால் ஏற்றம் உண்டு, சரிவு இதமானதுதான். செதோதாவில் வாடகை நிலையத்தில் சைக்கிளை விட்டுவிட்டுக் கப்பலில் ஒனோமிச்சிக்குத் திரும்பலாம். மின்சார உதவி உள்ள சைக்கிள் என்றால் வேறு இடத்தில் விடுவதற்குக் கட்டுப்பாடு இருக்கலாம், எடுக்கும்போதே கேளுங்கள். கடைசிக் கப்பலின் நேரத்தையும் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னோஷிமாவும் செதோதாவும் 2006 முதல் ஒனோமிச்சி நகரின் பகுதிகள். இன்னோஷிமா, முராகாமி கடற்படையின் கோட்டையாகவும், கோ என்ற பலகை விளையாட்டின் மாபெரும் ஆட்டக்காரர் ஹொன்இன்போ ஷூசாக்கு 1829-இல் பிறந்த ஊராகவும் அறியப்படுவது. செதோதா எலுமிச்சைக்குப் பெயர்போனது. அக்டோபரில் பச்சைக் காய்களும் குளிர்காலத்தில் மஞ்சள் பழங்களும் சாலையோரத்தில் விற்பனைக்கு இருக்கும். அங்குள்ள கோசான்ஜி கோயிலை, எஃகுக் குழாய்த் தொழிலில் பொருள் சேர்த்த ஒருவர் இறந்துபோன தம் தாய்க்காக 1936-இல் கட்டத் தொடங்கினார். அதன் பின்புறக் குன்றில் இத்தாலியின் கர்ராராவிலிருந்து 3,000 டன் வெண்பளிங்கைக் கொண்டுவந்து ஒரு தோட்டம் அமைத்திருக்கிறார்கள். வெயில் நாளில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அங்கே நிற்க முடியாது. மிகை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு மகனின் பிடிவாதம்தான் தெரிகிறது.

எப்போது போவது

ஏப்ரல் தொடக்கத்தில் சென்கோஜி பூங்காவில் செர்ரி பூக்கும்; அழகும் கூட்டமும் சேர்ந்தே இருக்கும். ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை பாதி வரை மழை, கற்படிகள் வழுக்கும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் சரிவு ஏறுவது கடினம், அதிகாலையில் கிளம்புங்கள். எனக்குப் பிடித்தது நவம்பரின் முதல் வாரம். அந்த மாதம் 1 முதல் 3 வரை பெத்சா திருவிழா. 1807-இல் கொள்ளைநோய் பரவியபோது, அதை விரட்ட ஊர் அதிகாரியின் ஆணைப்படி தொடங்கியது. பெதா, சோபா, ஷோக்கி என்ற மூன்று அரக்க முகமூடிகளும் ஒரு சிங்கமும் தெருவில் குழந்தைகளைத் துரத்தும்; கையிலுள்ள கோலால் தட்டினால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்பது நம்பிக்கை. அழும் குழந்தையைப் பெற்றோரே முன்னால் நீட்டுவார்கள். பெரிய ஊர்வலம் 3-ஆம் தேதி. அந்த நாள் ஜப்பான் முழுவதும் விடுமுறை என்பதால், சரிவில் உள்ள சிறு விடுதிகளில் இடம் வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.